மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

(அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் 31 ஆண்டுகள் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் தொழிற்கூடக் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், முன்னால் நீட்டியிருக்கும் இரண்டு இரும்புக் கரங்களால் (ஃபோர்க்) பாரத்தைத் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைப் பற்றியவை. ஆகவே பகுதி முழுவதும் அதற்கே.)

ஐயா, கிடங்கு ஒன்றில் ஒப்பந்த முறையில் பெட்டி கட்டும் வேலை செய்கிறேன். நாங்கள் போய்வருவதும் ஃபோர்க்லிஃப்ட் போய்வருவதும் ஒரே ஷட்டர் வழியாகத்தான். போன மாதம் என்னோடு வேலை செய்யும் பெண்ணின் குதிகாலை வண்டி உரசிவிட்டது. "கவனக்குறைவு" என்று அவள் மீதே எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். "மஞ்சள் கோட்டுக்குள் நடங்கள், கவனமாக இருங்கள்" என்று தினமும் காலையில் சொல்கிறார்கள். இன்னும் எவ்வளவு கவனமாக இருப்பது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, ஒரகடம்

அம்மா, அந்தச் சொல்லை நானும் எழுதியவன்தான். 1994-இல், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. பத்து மணித் தேநீருக்குப் போய்க்கொண்டிருந்த ஃபிட்டர் ஒருவரின் வலது கால் மீது மூன்று டன் தூக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் ஏறியது. மூன்று விரல்கள் போயின. விபத்துப் பதிவேட்டில் "காரணம்" என்ற கட்டத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதினேன். எனக்குக் கையெழுத்து அழகாக வரும். அன்றும் அழகாகத்தான் வந்தது. மறுநாள் அந்த இடத்தைக் கழுவிக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளியான ஓர் அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "நேற்று அவர். நாளைக்கு யார் சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்கு அடுத்த நாள் ஒரு சாக்கட்டியோடு அந்த ஷட்டர் ஓரமாகப் போய் நின்றேன். ஆள் கடந்தால் சுவரில் ஒரு கோடு, வண்டி கடந்தால் ஒரு வட்டம். ஒன்பதே முக்காலிலிருந்து பத்தரைக்குள் 118 கோடுகள், 23 வட்டங்கள். இத்தனை பேர் எதற்காகக் கடக்கிறார்கள் என்று பார்த்தால், கேன்டீனின் தேநீர் ஜன்னல் வண்டிப் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. குடிதண்ணீர்த் தொட்டியும் அங்கேதான். ஒரு டம்ளர் தேநீருக்காக ஆட்களை ஒரு நாளைக்குப் பலமுறை வண்டிக்குக் குறுக்கே அனுப்பிவிட்டு, ஒருமுறை தவறியவரின் தலையில் பழியை வைத்திருக்கிறேன். தேநீர் ஜன்னலை இந்தப் பக்கச் சுவரில் திறக்கக் கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை. அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் அதே நேரத்தில் நின்று எண்ணினேன்; பத்துக் கோடுகள்கூட விழவில்லை.

எனவே இன்னும் கவனமாக இருக்கும்படி உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் ஏன் கடக்கிறீர்கள் என்று பாருங்கள். தண்ணீர், கழிப்பறை, கைரேகை வைக்கும் இயந்திரம், பை வைக்கும் அலமாரி, லேபிள் அச்சிடும் கணினி. இவற்றில் எது எது வண்டிப் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது? என் அனுபவத்தில் பெரும்பாலும் கைரேகை இயந்திரம்தான் குற்றவாளி. மின்சாரப் பிளக் எங்கே இருந்ததோ அங்கே மாட்டியிருப்பார்கள். ஷிப்டு மாறும் நேரத்தில் அதன் முன்னால் ஐம்பது பேர் வண்டிப் பாதையிலேயே வரிசையில் நிற்பார்கள்.

ஷட்டர் விஷயத்துக்கு வருகிறேன். வண்டிக்கு ஒரு வழி, மனிதருக்கு ஒரு வழி இருக்க வேண்டும். ஷட்டர் பக்கத்துச் சுவரில் ஆள் நுழையும் கதவு ஒன்று திறந்து, உள்ளே சில மீட்டர் தூரத்துக்குத் தரையில் போல்ட் போட்டு இரும்புக் கிராதி வைத்தால் போதும். கிராதி முடியும் இடத்தில் வைக்கும் சின்னக் கேட், நடப்பவரை நோக்கித் திறக்கவேண்டும். தள்ளிக்கொண்டு ஓடுகிற மாதிரிக் கேட் வைத்தால் ஓடத்தான் செய்வார்கள். தன் பக்கம் இழுத்துத் திறக்கவேண்டுமானால் ஒரு நொடி நின்றாக வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் கேட்டே.

மஞ்சள் கோடு வெறும் பெயின்ட். பாரத்தோடு ஏழு டன் வரும் வண்டிக்கு அது இருப்பதே தெரியாது. சுவரை உடைக்க முடியாது, வாடகைக் கட்டடம் என்று சொல்வார்களானால் நேரத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஷிப்டு மாறும்போது பத்து நிமிடம், தேநீர் நேரத்தில் பத்து நிமிடம், வண்டிகள் ஃபோர்க்கைத் தரையில் இறக்கிச் சாவியை எடுத்துவிட்டு நிற்கட்டும். காசே செலவாகாத ஏற்பாடு இது. அதனால்தானோ என்னவோ யாரும் மதிப்பதில்லை.

இதையெல்லாம் ஒப்பந்தத் தொழிலாளி எப்படிக் கேட்பது என்பீர்கள். ஒரு வாரம் நீங்களும் எண்ணுங்கள். ஒரு சின்ன நோட்டுப் போதும். எண்ணிக்கையோடு போகிறவரை "பயந்த சுபாவம்" என்று சொல்லி அனுப்புவது கடினம். போபால் விபத்துக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்தில் 111-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். தன் பாதுகாப்பு பற்றிய விவரத்தை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறவும், குறை இருந்தால் நேராகவோ பிரதிநிதி மூலமாகவோ ஆய்வாளரிடம் முறையிடவும் தொழிலாளிக்கு உரிமை கொடுத்த பிரிவு அது. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த உரிமை தொடர்கிறது. தமிழ்நாட்டில் இதற்கான துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். முதல் நாளே அங்கே போகச் சொல்லவில்லை. அப்படி ஓர் இடம் இருப்பது தெரிந்து பேசுகிறவரின் குரல் வேறு மாதிரி இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் தோழி கையெழுத்துப் போட்ட தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எது நடந்தாலும் ஓட்டுநர் மேல்தான் பழி. பாரம் என் கண்ணை மறைக்கிறது. ரிவர்ஸில் போனால் கழுத்து வலி, நேரமும் ஆகிறது. ஷிப்டுக்கு இத்தனை பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) என்று கணக்குக் கேட்கிறார்கள். நான் என்ன செய்ய?
— வாசகர், ஓசூர்

தம்பி, முதல் கேள்விக்கான பதிலைப் படித்துவிட்டு நான் நடப்பவர்கள் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். 1994-இல் அந்த ஓட்டுநரும் இரண்டு இரவு தூங்கவில்லை.

பாரம் பார்வையை மறைத்தால் ரிவர்ஸில்தான் போகவேண்டும். அதில் பேரமே இல்லை. ஏற்றமான சரிவில் ஏறும்போது மட்டும் ரிவர்ஸ் ஆகாது. சரிவில் பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும்; ஏறும்போது முன்னால், இறங்கும்போது ரிவர்ஸ். பார்வை மறையும் பாரத்தோடு ஏறவேண்டுமானால் வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். அவர் உங்கள் கண்ணில் படும் இடத்தில், வண்டி போகும் பாதைக்கு வெளியே நிற்கவேண்டும். அவர் கண்ணிலிருந்து மறைந்த கணமே நிறுத்திவிடுங்கள்.

நாள் முழுக்க ரிவர்ஸ் என்றால் கழுத்து வலிக்கத்தான் செய்யும். எல்லாப் பாரமும் கண்ணை மறைக்கிறது என்றால் தவறு உங்களுடையதல்ல. பேலட்டில் எத்தனை அடுக்கு என்று முடிவு செய்தவருடையது. ஓர் அடுக்கைக் குறைத்தால் நடைகள் சில கூடும். மேலாளர் முகம் சுளிப்பார். அவரை உங்கள் இருக்கையில் உட்காரவைத்து, முன்னால் அந்தப் பேலட்டைத் தூக்கி நிறுத்தி, "சார், ஷட்டர் தெரிகிறதா?" என்று கேளுங்கள். நான் ஒரு தொழிற்சாலை மேலாளரை அப்படி உட்காரவைத்திருக்கிறேன். வண்டி நின்றபடிதான், சாவி என் சட்டைப் பையில். கீழே இறங்கியதும் அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அடுக்கு குறைந்தது.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. சாலையில் மணிக்கு 12 கிலோமீட்டர் என்றால் சைக்கிள் வேகம். கிடங்குக்குள் அது ஒரு நொடிக்கு 3.3 மீட்டர். ஆளைக் கண்டு உங்கள் கால் பிரேக்குக்குப் போவதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடும். ரேக் முனையிலிருந்து இரண்டு மீட்டரில் ஒருவர் வெளிப்பட்டால் கால் பிரேக்கைத் தொடும் முன்பே முடிந்துவிடுகிறது. சட்டென்று மிதித்தாலோ ஃபோர்க் மீது கட்டாமல் உட்கார்ந்திருக்கும் பாரம் முன்னால் சரியும். காரில் பிரேக் நம்மைக் காப்பாற்றும். இங்கே பிரேக்கே பாரத்தை ஆள் மீது தள்ளும். ஆகவே முனைகளில் நடக்கும் வேகம்தான். ஹாரனை முனையில் மட்டும் அடியுங்கள். நாள் முழுக்க அடித்தால் அது திருவிழா மேளம் போல ஆகிவிடும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று: லாரி ஓட்டுநர்கள். தன் லாரியில் சரக்கு சரியாக ஏறுகிறதா என்று பார்க்க அவர்கள் இறங்கி வந்து வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். சிலர் லாரியின் மறுபக்கம் தார்ப்பாய்க் கயிறு அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் இந்தப் பக்கத்திலிருந்து பேலட்டைத் தள்ளினால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பேலட் அந்தப் பக்கம் விழும். யார் தலையில் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. லாரி ஓட்டுநர் உட்கார ஒரு பெஞ்சு, மின்விசிறி, தண்ணீர். அவர் அங்கே உட்கார்ந்த பிறகுதான் முதல் பேலட் என்று ஓர் ஒழுங்கு வைக்கச் சொல்லுங்கள். ஒரகடத்தில் நாங்கள் லாரிச் சாவியையும் வாங்கி ஓர் ஆணியில் மாட்டிவைத்தோம். சரக்கு ஏற்றி முடியுமுன் லாரி நகர்ந்துவிடுமோ என்ற பயமும் அதோடு போயிற்று.

சிறு தொழில் நடத்துகிறேன். ஒரே ஒரு பேட்டரி ஃபோர்க்லிஃப்ட். தரையில் நீல வெளிச்சம் விழும் விளக்கு மாட்டினால் போதுமா?
— வாசகர், குறிச்சி, கோவை

மாட்டுங்கள், நல்லதுதான். பேட்டரி வண்டி சத்தமில்லாமல் வரும். டீசல் வண்டியின் இரைச்சலைத் திட்டினோமே தவிர, அந்த இரைச்சல் எத்தனை பேரை ஒதுங்க வைத்தது என்பது அது நின்ற பிறகுதான் புரிந்தது. சில மீட்டர் முன்னால் விழும் நீலப் புள்ளி, வண்டி வருமுன்பே முனையைத் தாண்டி எட்டிப்பார்க்கும். திறந்த வெளியில், பகல் வெயிலில் ஒன்றும் தெரியாது. விளக்கு வாங்குமுன் முனையில் குவிந்து கிடக்கும் காலி அட்டைப் பெட்டிகளை அகற்றுங்கள். முனை திறந்துவிட்டால் ஓட்டுநரும் நடப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "போதுமா" என்று கேட்டீர்களே, போதாது.

ஃபோர்க்லிஃப்ட் திரும்பும்போது ஏன் பின்பக்கம் வீசுகிறது? அவ்வளவு கனமான வண்டி எப்படிக் கவிழ்கிறது?
— பாலிடெக்னிக் மாணவர், ராணிப்பேட்டை

கார் முன்சக்கரத்தால் திரும்புகிறது. ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்புகிறது, படகுக்குச் சுக்கான் பின்னால் இருப்பது போல. மூக்கு இடது பக்கம் போனால் வால் வலது பக்கம் வீசும். வண்டியின் வலது பக்கத்தில், "நம்மை விட்டு விலகித்தான் போகிறது" என்று நிம்மதியாக நடந்துகொண்டிருப்பவரைத்தான் அது பிடிக்கும். அம்பத்தூர் ஃபிட்டருக்கு நடந்தது இதுவேதான். காரைப் பார்த்துப் பழகிய கண் ஏமாறும் இடம் அது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்தி, காலி வண்டியை ஒருமுறை முழுக்கத் திருப்பிக் காட்டுவேன். இரண்டு மணி நேர வகுப்பைவிட அது பதியும்.

கவிழ்வதற்கு, கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா ஊரில் பார்த்திருந்தால் புரியும். இல்லையென்றால் சீசா பலகை. முன்சக்கரம்தான் தாங்குபுள்ளி. ஒரு பக்கம் பாரம், மறுபக்கம் வண்டியின் பின்னால் வைத்திருக்கும் எதிர்எடை. மூன்று டன் தூக்கும் வண்டியின் வெறும் எடையே நான்கு டன்னுக்கு மேல் இருப்பது இதனால்தான். வண்டியில் எழுதியிருக்கும் மூன்று டன்னுக்கு ஒரு நிபந்தனை உண்டு: பாரத்தின் மையம், ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதியிலிருந்து வழக்கமாக 500 மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருக்கவேண்டும். நீளமான பெட்டியை நுனியில் தூக்கினால் அதே வண்டியால் மூன்று டன்னைத் தூக்க முடியாது. சிலர் பின்னால் இரண்டு ஆட்களை ஏற்றிச் சரிக்கட்டுவார்கள். பார்த்திருக்கிறேன். இரண்டு ஆட்களையும் இறக்கி அனுப்பிவிட்டு அன்றைக்கு வண்டியையே பூட்டிவிட்டேன்.

பக்கவாட்டில் கவிழ்வது வேறு கணக்கு. இரண்டு முன்சக்கரங்கள், பின் அச்சின் நடு முளை, இந்த மூன்றையும் இணைத்தால் ஒரு முக்கோணம். பார்ப்பதற்கு நான்கு கால், உண்மையில் முக்காலி. பாரத்தை உயர்த்தியபடி வேகமாகத் திரும்பினால் எடையின் மையம் முக்கோணத்தைவிட்டு வெளியே போகும். அதனால்தான் ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கவேண்டும் என்பது. கவிழும்போது குதிக்கவே கூடாது. குதித்தவர் மீது மேற்கூரைச் சட்டம் விழும். பெல்ட் போட்டு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, கவிழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயவேண்டும்.

என் கணவரை பேலட் மீது நிற்கவைத்து, ஃபோர்க்லிஃப்டில் தூக்கி டியூப்லைட் மாற்றச் சொல்கிறார்களாம். ஐந்து நிமிட வேலைதானே என்கிறார் அவர். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.
— வாசகி, தூத்துக்குடி

உங்கள் பயம் சரி. அவர் தவறு. பேலட்டுக்குக் கைப்பிடி கிடையாது; அது ஃபோர்க்கோடு கட்டப்பட்டதும் அல்ல, சும்மா உட்கார்ந்திருக்கிறது. கீழே இருப்பவர் நெம்புகோலில் ஒரு விரல் அதிகமாக அழுத்தினால் மேலே இருப்பவர் ஆடுவார். ஆடுகிறவர் பிடிப்பதற்குக் கிடைப்பது, ஃபோர்க் ஏறி இறங்கும் நிமிர்ந்த சட்டமான மாஸ்ட்டின் சங்கிலி. விரல்களைப் பற்றி மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை. கத்தரி போல விரிந்து உயரும் மேடை, கத்தரி லிஃப்ட், வாடகைக்குக் கிடைக்கிறது. சக்கரம் பூட்டிய சாரம் போதும். நாளைக் காலை அவர் டிபன் டப்பாவை எடுக்குமுன் இதைப் படிக்கக் கொடுங்கள்.

மகனுக்கு 19 வயது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றால் வேலை கிடைக்கும் என்கிறார்கள். கார் உரிமம் போதுமா?
— வாசகர், விழுப்புரம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், தொழிற்சாலை அல்லது சுற்றடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே செய்த தனிவகை வண்டிகளை "மோட்டார் வாகனம்" என்ற சொல்லிலிருந்து விலக்கியிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு "உரிமமே வேண்டாம்" என்று யாரையும் ஏற்றி உட்காரவைக்கும் இடங்கள் உண்டு. அங்கே மகனை அனுப்பாதீர்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பொதுச் சாலை ஓடினால், அதைக் கடக்கும்போது அந்த விலக்கு உதவாது. ஒழுங்கான நிறுவனங்கள் உரிமத்தோடு பயிற்சிச் சான்றும் கேட்கும், சான்று இருந்தாலும் தங்கள் தளத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லும்.

பயிற்சி நிலையத்தில் சேர்க்குமுன் ஒரு நாள் போய்ப் பாருங்கள். முதல் பாடமாக எதைச் சொல்லித் தருகிறார்கள்? தூக்குவதைச் சொல்லித் தந்தால் வேறு இடம் தேடுங்கள். இறங்குவதுதான் முதல் பாடம்: ஃபோர்க்கைத் தரையில் இறக்கு, நியூட்ரலுக்குக் கொண்டுவா, கைப்பிரேக் போடு, சாவியை எடு, பிறகு இறங்கு. "ஒரு நிமிடம்தானே" என்று வண்டியை ஓடவிட்டபடி இறங்கி, முன்னால் போய்ப் பேலட்டைச் சரிசெய்தவரை அவருடைய வண்டியே சுவரோடு வைத்து நசுக்கிய சம்பவத்தை விசாரித்திருக்கிறேன். அவருக்கு அனுபவம் 14 ஆண்டு.

என் தம்பியின் கால் ஃபோர்க்லிஃப்டில் மாட்டி எலும்பு முறிந்தது. ஒப்பந்தக்காரர் தனியார் மருத்துவமனையில் சேர்த்து, "செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், இஎஸ்ஐ என்று போய்விடாதீர்கள்" என்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.
— வாசகி, கும்மிடிப்பூண்டி

நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவர் கட்டும் மருத்துவமனைக் கட்டணம் ஒரு முறை வருவது. எலும்பு கூடாமல் போனாலோ, ஆறு மாதம் கழித்து நடை கோணலானாலோ அவருடைய ஒப்பந்தமே முடிந்திருக்கும். தொலைபேசியில் வேறு யாரோ பேசுவார்கள்.

உங்கள் தம்பிக்குச் சம்பளத்தில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சந்தா, பிடிக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்குகிறவர்கள் அதற்குள் வருவார்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களும் சேர்த்து. ஒப்பந்தக்காரர் கட்டவில்லை என்றால் முதன்மை நிறுவனம் கட்டியாகவேண்டும். வேலையில் நேர்ந்த காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலம் முழுவதும் ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தரக் குறை ஏற்பட்டால் மருத்துவக் குழு அளவிட்டு, அதற்கேற்ப ஆயுள் முழுக்கத் தரும்.

இதற்கெல்லாம் வேர், விபத்து பதிவாகியிருப்பது. எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வண்டி, யார் பார்த்தார்கள் என்பதை உங்கள் தம்பி நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கட்டும். நிர்வாகம் இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு விபத்து அறிக்கை அனுப்பவேண்டும். அனுப்பினார்களா என்று அந்த அலுவலகத்திலேயே நேரில் போய்க் கேளுங்கள். அறிக்கையில் "காரணம்" என்ற கட்டத்தையும் படித்துப் பாருங்கள். நான் எழுதிய அந்தச் சொல் அங்கே இருந்தாலும் பயப்படாதீர்கள், தன் கவனக்குறைவால் நேர்ந்தது என்பதற்காக இஎஸ்ஐ உதவித்தொகையை நிறுத்துவதில்லை. நகல் ஒன்று வாங்கி ரேஷன் அட்டையோடு சேர்த்து வையுங்கள். வீட்டில் தொலையாத இடம் அதுதான்.